அம்மாயியின் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது?

நீங்கள் எழுதிக் கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்கள் அம்மாயிக்கு, அதாவது பாட்டிக்கு, 74 வயது. 1965ல், 14 வயதில், இலங்கை மலையகத்தில் தகப்பனார் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்தார். 1971ல் கல்யாணமாகி தாத்தாவின் தோட்டத்துக்குப் போனார். 2003 வரை கொழுந்து எடுத்தார். மொத்தம் 38 வருடம். தாத்தாவுக்கு ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசும், வேலை செய்த வருடங்களுக்காகக் கடைசியில் தரும் சர்வீஸ் காசும் ஒழுங்காகக் கிடைத்தன. அம்மாயிக்கு இரண்டாவது தோட்டத்துக் காசு மட்டும், அதுவும் இழுத்தடித்து வந்தது. இன்று அவருக்கென்று மாத வருமானம் எதுவும் இல்லை. “இது வயதானவர்கள் எல்லாருக்கும் உள்ள கஷ்டமா, மலையகத் தமிழர் (தோட்ட வேலைக்கு வந்த இந்திய வம்சாவளியினர்) என்பதால் வந்ததா, பெண் என்பதால் வந்ததா?” என்று கேட்கிறீர்கள்.

மூன்றும்தான். ஆனால் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்க முடியாது. முதுமையில் ஒருவர் உரிமை கேட்டுக் கந்தோர் (அலுவலக) வாசலில் நிற்கும்போது அவர் கையில் இருப்பது காகிதம். அந்தக் காகிதம் அன்றைக்கு எழுதப்படுவதில்லை. ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்பே, அவர் யார் வீட்டுப் பிள்ளை, ஆணா பெண்ணா என்று பார்த்து யாரோ எழுதிவைத்தது அது. எழுபது வயதில் அது செல்லாமல் போகிறது.

அம்மாயியின் 38 வருடத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாள் சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த நாள் சம்பளம் என்பது 1927ன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்திலேயே இருந்தது. ஆண், பெண், பிள்ளை என்று மூன்று விலை. இது மாறியது 1984ல், வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. அப்போது அம்மாயிக்கு 33 வயது. 1965 முதல் 1984 வரை 19 வருடம், அதாவது அவர் உழைத்த காலத்தில் சரிபாதி, பெண் என்ற ஒரே காரணத்துக்காகக் குறைந்த சம்பளம். ஊழியர் சேமலாப நிதி என்பது சம்பளத்தில் இத்தனை வீதம் என்று போடப்படுவது. இன்றைக்கு தொழிலாளி 8 வீதம், தோட்டம் 12 வீதம். சம்பளம் குறைந்தால் அந்த நிதியும் குறையும். 1970ல் குறைந்த சில சதங்கள், வட்டிக்கு மேல் வட்டி சேராமல், 2003ல் பெரிய ஓட்டையாக நிற்கும். 1984ல் சம்பளத்தைச் சமமாக்கியவர்கள் அதற்கு முந்தைய பாக்கியைக் கொடுக்கவில்லை. அநேகம் பேர் இதைக் கவனிப்பதில்லை.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. சம்பள நாளில் பெண்ணின் சம்பளத்தையும் புருஷனோ தகப்பனோ போய் வாங்கிவருவது பல தோட்டங்களில் வழக்கமாகவே இருந்தது. கையெழுத்துப் போட்டவர் அவர். பல பெண்களுக்குத் தங்கள் சம்பளச் சீட்டு எப்படி இருக்கும் என்றே தெரியாது. அந்தச் சீட்டில் இருந்த ஈபிஎப் இலக்கம்தான் பிற்காலத்தில் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

சரி, இனம் எங்கே வருகிறது? அம்மாயி பிறந்தது 1951ல் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1948ன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமை (குடியுரிமை)ச் சட்டம் வந்துவிட்டது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பன் வழியில் நிரூபிக்க வேண்டும் என்றது அது. தோட்டத்து மக்களில் யாரிடம் பாட்டனாரின் பிறப்புப் பதிவு இருந்தது? 1949ல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் என்று ஒரு கதவைத் திறந்தார்கள். விண்ணப்பித்த சுமார் 8 இலட்சம் பேரில் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான் அந்தக் கதவு வழிவிட்டது. அதே 1949ல் வாக்குரிமையும் போயிற்று. பிறகு 1964 அக்டோபர் 30ல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். 1974ல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கடைசி முடிச்சு அவிழ்ந்தது 2003ல், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை தந்த 35ஆம் இலக்கச் சட்டத்தில்.

தேதியைப் பாருங்கள். அம்மாயி கூடையை இறக்கிவைத்த ஆண்டும் அதேதான். அவர் நாடற்றவர்களுக்கான 1988ன் சட்டத்தில் பிரஜாவுரிமை பெற்றாரா, அதற்கு முன்பா, 2003லா என்று நீங்கள் எழுதவில்லை. எந்த வழியாக இருந்தாலும், அவர் பேர் பதிந்த நாளில் அவருக்கு நாடு என்று ஒன்று இருந்திருக்க வாய்ப்பு குறைவு. நாடு இல்லாதவருக்குப் பிறப்புப் பதிவு முக்கியம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. தோட்டத்துத் துரையின் (நிர்வாகியின்) புத்தகத்தில் என்ன எழுதியிருந்ததோ அதுதான் அவர் பிறப்பு, அதுதான் அவர் பெயர்.

இதற்குள்ளேயே பெண்ணுக்கு இன்னொரு பூட்டு. குடியுரிமை தகப்பன் வழியில்தான் இறங்கும் என்பது 1948 முதல் 2003 வரை சட்டம். தாய் இலங்கைப் பிரஜை, தகப்பன் நாடற்றவர் என்றால் பிள்ளையும் நாடற்றதுதான். இன உரிமைக்காகப் பேசிய மேடைகளில் இதைப் பற்றிப் பேச்சு அதிகம் எழவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். ஒரே அடி இரண்டு பக்கமும் விழுந்தது. ஒரு பக்கத்தைத்தான் எண்ணினோம்.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். முதல் தோட்டத்து ஆறு வருடம் எங்கே போனது?

நான் சில வருடம் இப்படியான விண்ணப்பங்களை எழுதிக்கொடுத்திருக்கிறேன். ஒரு பாட்டி நினைவில் நிற்கிறார். ஊரும் பேரும் வேண்டாம். மடித்து மடித்து வெள்ளையாகிப்போன ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து நாலு காகிதத்தை எடுத்து மேசையில் பரப்பினார். அடையாள அட்டையில் “முத்தாயி”. பழைய சம்பளச் சீட்டில் “முத்தாய்”, முன்னெழுத்து தகப்பனுடையது. இரண்டாவது தோட்டத்துச் சீட்டில் “முத்தம்மா”, முன்னெழுத்து புருஷனுடையது. மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் சிங்களத்தில் எழுதப்பட்டு, அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், திரும்பத் தமிழுக்கு வரும்போது “மொத்தாய்” ஆகியிருந்தது. கவுண்டரில் இருந்தவர் சிங்களத்தில் கேட்டார், பேரன் தமிழில் சொன்னான்: “அம்மாயி, இதுல எது நீங்கன்னு கேக்குறாங்க.” பாட்டி கொஞ்ச நேரம் காகிதங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், “எல்லாம் நாந்தான் சாமி” என்றார். விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். கொழுந்துக் கறை ஏறி, வெடித்து, தேய்ந்த விரல். மூன்று தடவை வைத்தும் கோடு விழவில்லை.

ஆணுக்கு இந்தப் பிரச்சினை இல்லையா? எழுத்துப் பிழை ஆணுக்கும் உண்டு. ஆனால் ஆண் பிறந்த தோட்டத்திலேயே பேர் பதிந்து, அங்கேயே பென்ஷன் வயதுவரை வேலை செய்பவர். முன்னெழுத்து மாறாது. பெண் கல்யாணமாகித் தோட்டம் மாறுகிறார், முன்னெழுத்து மாறுகிறது, சில நேரம் பெயரே மாறுகிறது. புதுத் தோட்டத்தில் புது இலக்கம். பழைய கணக்கும் புதுக் கணக்கும் ஒருவருடையது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. உங்கள் தாத்தாவின் காசு ஒழுங்காக வந்ததற்கும் அம்மாயியின் காசு பாதியில் நின்றதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

சட்டம் இதை எதிர்பார்க்கவே இல்லை. 1958ன் சேமலாப நிதிச் சட்டத்தில், கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண் தன் பணத்தை அப்போதே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி உண்டு. பெண்ணுக்குக் கல்யாணமானால் வேலை முடிந்தது என்று நினைத்து எழுதியது அது. தோட்டத்தில் கல்யாணம் என்றால் அடுத்த வாரமே வேறு மலையில் கூடை கட்டுவது. ஆகவே ஒன்று, முதல் தோட்டத்துப் பணத்தைக் கல்யாணச் செலவுக்கு எடுத்துவிடுவார்கள். எடுத்தவர் பெரும்பாலும் தகப்பன். அல்லது எடுக்காமலே விட்டு மறந்துவிடுவார்கள். அம்மாயியிடம் இதை மெல்லக் கேட்டுப் பாருங்கள். அழுத்திக் கேட்காதீர்கள். பல பேருக்கு இது தகப்பனைப் பற்றிய பேச்சாகிவிடும்.

அதே சட்டத்தில் இன்னொன்று: பணத்தை எடுக்கும் வயது ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50. பார்க்கச் சலுகை போலத் தெரியும். நடந்தது என்ன? 50 ஆனதும் “பென்ஷன் எடுத்துக்கோ” என்று செக்ரோலிலிருந்து (தோட்டத்தின் வருகை, சம்பளப் பதிவேட்டிலிருந்து) பேர் வெட்டிவிட்டு, அதே பெண்ணை மறுபடி கைக்காசுக்கு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அதே மலை, அதே கொழுந்து, ஆனால் ஈபிஎப் இல்லை, லீவு இல்லை, அந்த வருடங்கள் எந்தக் கணக்கிலும் ஏறாது. தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று ஆண், பெண் இருபாலாருக்கும் ஒரே சட்டம் வந்தது 2021ல்தான்.

சர்வீஸ் காசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1983ன் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, நாள் சம்பளக்காரராக இருந்தால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்கு. அம்மாயி இரண்டாவது தோட்டத்தில் 32 வருடம். 32ஐ 14ஆல் பெருக்கினால் 448 நாள் சம்பளம். முப்பத்திரண்டு வருட உழைப்புக்குக் கையில் இவ்வளவுதான். 2003ல் தோட்டத்து நாள் சம்பளம் இருநூறு ரூபாயைக்கூடத் தொடவில்லை. ஆகவே முழுத் தொகையும் ஒழுங்காக வந்திருந்தாலும் ஒரு இலட்சத்தைத் தாண்டியிருக்காது. அதே 448 நாளை, 2021ல் வந்த 1,000 ரூபாய் சம்பளத்தில் வைத்தால் 4 இலட்சத்து 48 ஆயிரம். அம்மாயி 2003ல் வாங்கியது 2003ன் ரூபாய். அந்த ரூபாய் 2022ல் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது.

மலையகத்தில் இதைப் “பென்ஷன்” என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் இது பென்ஷன் இல்லை. ஒரே தடவை தரும் மொத்தப் பணம். மாதாமாதம் சாகும்வரை வருவதுதான் பென்ஷன், அது இலங்கையில் அரசாங்க உத்தியோகத்தருக்கு உண்டு. தோட்டத்துத் தொழிலாளிக்கு இல்லை. மொத்தப் பணம் வந்த வாரமே வீட்டில் எல்லாருக்கும் ஒரு தேவை இருக்கும்: மகளின் நகை, மகனின் வெளிநாட்டுப் பயணம், கடைக் கடன், லயத்துத் தகரம். பெண்ணின் காசு இதற்கெல்லாம் முதலில் போகும். பெண்கள் ஆண்களைவிட அதிக காலம் உயிரோடும் இருக்கிறார்கள். குறைந்த பணம், கூடுதல் வருடம், அதையும் முதல் வருடத்திலேயே கொடுத்துவிட்டாயிற்று.

அதற்குப் பிறகும் அம்மாயி சும்மா இருந்திருக்க மாட்டார். மகள் கொழும்பில் வீட்டு வேலைக்கோ வளைகுடாவுக்கோ போனால் பேரப்பிள்ளைகளை வளர்ப்பது யார்? உங்களை வளர்த்தது யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது எந்தச் செக்ரோலிலும் இல்லாத வேலை.

குடியிருப்பு விஷயம் தனி. லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறை, தோட்டத்தில் வேலை செய்பவருக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி. வீட்டில் யாரும் தோட்ட வேலைக்குப் பேர் போடாவிட்டால் அங்கே இருக்கும் உரிமை ஆட்டம் காணும். புருஷன் இறந்து, பிள்ளைகள் வெளியே போய், தனியாக இருக்கும் பாட்டிக்கு இந்தப் பயம் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். பிரதேச சபைக்குப் போய் ஒரு பாதையோ விளக்கோ கேட்கலாமா என்றால், தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவழிக்கச் சட்டத் தடை இருந்தது. அந்தத் தடையை 2018ல்தான் திருத்தினார்கள். கால் வராத ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போக நல்ல பாதை வேண்டும் என்பது முதியோர் உரிமை இல்லையா?

முதியோருக்கென்று சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். 60 வயதானவருக்கு முதியோர் அடையாள அட்டை, தேசிய முதியோர் சபை, பிள்ளைகள் பராமரிக்காவிட்டால் பராமரிப்புச் சபையில் முறையிடலாம் என்பதெல்லாம் அதில் வருகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்தக் கடைசி வழியைத் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே காம்பராவில், நடுவில் ஒரு சேலைத் திரையைக் கட்டிக்கொண்டு, நாள் சம்பளத்தில் நாலு பேரைச் சாப்பிடவைக்கும் மகளுக்கு எதிராக எந்தத் தாய் முறைப்பாடு எழுதுவார்? பிள்ளைகளிடம் காசு இருக்கும் இடத்தில் வேலை செய்யும் சட்டம் அது. இங்கே கடனாளி பிள்ளை இல்லை. நூற்றைம்பது வருடமாக அந்தக் குடும்பத்தின் கொழுந்தில் அந்நியச் செலாவணி கண்ட நாடுதான் கடனாளி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. அமெரிக்காவில் 1935ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து முதியோருக்கு மாதப் பென்ஷன் என்றார்கள். விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரரையும் அதில் சேர்க்கவில்லை. நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனால் அன்றைக்குத் தென் மாநிலங்களில் கறுப்பின ஆண்களில் பெரும்பாலோர் வயலில், கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் மற்றவர் வீட்டுச் சமையலறையில். தொழிலைச் சொல்லி இனத்தையும் பெண்ணையும் சேர்த்தே வெளியில் நிறுத்தியாயிற்று. 1950லும் 1954லும்தான் திருத்தினார்கள். அதற்குள் ஒரு தலைமுறை கிழவியாகிவிட்டது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையான சீடோவின் குழு 2010ல் முதிய பெண்களைப் பற்றித் தனியாக ஒரு பரிந்துரையே எழுதியது. வாழ்நாள் முழுவதும் சேர்ந்த பாகுபாடுதான் முதுமையில் வறுமையாக வருகிறது என்பது அதன் சாரம். இலங்கை 1981லேயே சீடோவை ஏற்ற நாடு. முதியோருக்கென்று தனியான உலக உடன்படிக்கை இன்னும் இல்லை. அதை எழுதத் தொடங்கவே 2025 ஏப்ரலில்தான் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஒரு பணிக்குழு அமைக்க முடிவெடுத்தது.

சரி, நீங்கள் இப்போது செய்ய வேண்டியது. ஈபிஎப் கணக்கில் கிடக்கும் பணம் காலம் போனதால் அழிந்துவிடாது, வட்டியோடு கிடக்கும். முதல் தோட்டத்து ஆறு வருடத்தைத் தேட இன்னும் வழி இருக்கிறது. அந்தத் தோட்டத்து ஈபிஎப் இலக்கம் எங்காவது இருக்கிறதா பாருங்கள்: பழைய சம்பளச் சீட்டு, ‘பீ’ கார்டு (ஈபிஎப் பதிவு அட்டை), சங்கத்துச் சந்தா அட்டை, கோயில் கணக்குப் புத்தகம்கூட உதவும். இலக்கம் கிடைக்காவிட்டாலும் தோட்டத்தின் பெயரையும் 1965 முதல் 1971 வரை என்ற காலத்தையும் கொண்டு தொழில் திணைக்களத்தின் மாவட்டக் கந்தோரில் கேட்கலாம். விண்ணப்பம் ‘கே’ படிவம். உறுதிப்படுத்துவது தொழில் திணைக்களம், பணம் தருவது மத்திய வங்கி. இரண்டும் வேறு என்பது தெரியாமல் பலர் தவறான வாசலில் வருடக்கணக்கில் நிற்கிறார்கள்.

பெயர் வித்தியாசத்துக்குச் சத்தியக்கடதாசி வேண்டும். இந்த இரண்டு பெயரும், அல்லது மூன்று பெயரும், ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் எழுதிக் கையெழுத்திடுவது. கிராம உத்தியோகத்தரின் உறுதிக் கடிதத்தையும் இணையுங்கள். எல்லா எழுத்துக் கூட்டலையும் அதில் போடுங்கள், ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். விட்டுப்போன ஒன்றுக்காக மறுபடி மலையிறங்கி வர வேண்டியிருக்கும். தாத்தாவோடு நடந்த கல்யாணம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு விட்ட குடும்பங்கள் நிறைய. அங்கே விதவை என்பதையும் நிரூபிக்க வேண்டிவரும்.

70 தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கத்தின் முதியோர் கொடுப்பனவு உண்டு. 2025ல் அதை மாதம் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். அம்மாயிக்கு அது வருகிறதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். “மகன் வேலை செய்கிறார், தர முடியாது” என்று வாயால் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். தமிழில் எழுதிக் கொடுக்கவும் தமிழில் பதில் வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அப்புறம் ஒன்று. கந்தோருக்கு அம்மாயியைக் கூட்டிப்போகும்போது அவரோடு முதல் தோட்டத்தில் கொழுந்தெடுத்த யாராவது உயிரோடு இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள். 1965ல் அதே மலையில் பக்கத்து நிரையில் நின்ற ஒருவர், “இவ எங்கூடத்தான் பேர் போட்டா” என்று சொல்லிச் சத்தியக்கடதாசியில் ரேகை வைத்தால் அதற்கு மதிப்பு உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கும் எழுபத்தைந்து வயது தாண்டியிருக்கும். மழைக்காலம் தொடங்குமுன் போய்விடுங்கள்.